பீரோவில் கிடந்த வீடியோ கேமரா

சென்ற அக்டோபரில், மழை தொடங்குவதற்கு முன், எங்கள் அறிவியல் ஆய்வகத்தின் பீரோவை ஒழுங்கு செய்தோம். அடித்தட்டில், பழைய தராசுப் பெட்டிக்குப் பின்னால், தோளில் மாட்டும் கறுப்புப் பை ஒன்று இருந்தது. உள்ளே கைக்கு அடக்கமான ஒரு வீடியோ கேமரா, சார்ஜர், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பதினோரு கேசட்டுகள். மயிலாப்பூர்க் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் உதவிபெறும் பள்ளி எங்களுடையது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் 2006-இல் ஊருக்கு வந்தபோது பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போன கேமரா அது என்று அலுவலக உதவியாளர் அண்ணன் நினைவுபடுத்தினார். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆண்டு விழாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் எடுத்திருக்கிறார்கள். பிறகு எல்லார் கையிலும் கேமரா உள்ள கைப்பேசி வந்துவிட்டது. பை பீரோவுக்குள் போய்விட்டது.

"டீச்சர், இத மின்கழிவுல சேர்த்துடலாமா? இல்ல, இன்னும் ஏதாவது பயன் இருக்கா? பார்த்துச் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர்.

உடனே "சேர்த்துடலாம் மேடம்" என்று சொல்லியிருப்பேன். கேசட் ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "7 பி – கணக்கு – மார்ச் 2008." அந்த ஆண்டு மே மாதம் ஓய்வு பெற்ற எங்கள் கணக்கு டீச்சரின் கையெழுத்து. அவர் இப்போது உயிருடன் இல்லை. பள்ளியில் அவருடைய புகைப்படம்கூட, குழுப் படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்பதைத் தவிர, வேறு கிடையாது.

ஆகவே நான்கு மாதங்கள் அந்தக் கேமராவோடு மல்லுக்கட்டினேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நம் பள்ளிகளில் பலவற்றின் பீரோக்களிலும் இப்படி ஒரு பை இருக்கக்கூடும்.

ஒரு முடியின் அகலத்தில் ஏழு தடங்கள்

எங்களிடம் இருப்பது மினிடிவி என்ற வகை. 1995-இல் வந்த டிவி என்னும் டிஜிட்டல் பதிவு முறையின் வீட்டு உபயோகப் பதிப்பு. கேசட்டுக்குள் இருப்பது கால் அங்குல அகலமுள்ள காந்த நாடா. பாட்டு கேட்ட பழைய ஆடியோ கேசட்டில் நாடா மட்டும் ஓடும், அதைப் படிக்கும் தலை நிலையாக இருக்கும். இதில் தலையும் சுழல்கிறது. கட்டைவிரல் தடிமனுள்ள ஓர் உருளை நிமிடத்துக்கு 9000 முறை சுற்றுகிறது. அதில் பதித்த இரு சிறு காந்தத் தலைகள் நாடாவின் குறுக்கே சாய்வாகத் தடங்கள் போட்டுக்கொண்டே போகின்றன. ஒரு நொடிக்கு 300 தடங்கள். ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான். தலைமுடி ஒன்றின் அகலத்தில் இப்படிப்பட்ட ஏழு தடங்கள் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் கேமராவின் பலமும் பலவீனமும் பாதி புரிந்துவிடும்.

பலம் என்னவென்றால், இந்த முறையில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகச் சுருக்கிப் பதியப்படுகிறது. கைப்பேசி அப்படிச் செய்வதில்லை. அது ஒரு பிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த பிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதும். இடம் மிச்சம்தான். ஆனால் கோப்பு ஓரிடத்தில் கெட்டால் கேடு பின்வரும் பிரேம்களுக்கும் பரவும். பதிவின் நடுவில் சார்ஜ் தீர்ந்து கைப்பேசி அணைந்தால் மொத்தக் கோப்புமே திறக்காமல் போவதும் உண்டு. நாடாவில் அந்தப் பயம் இல்லை. மின்சாரம் நின்ற நொடி வரை எழுதியது எழுதியதுதான். ஓரிடத்தில் கெட்டாலும் அந்தப் பிரேமில் நான்கு கட்டங்கள் சிதறித் தெரியும், அடுத்த நொடி படம் சரியாகிவிடும்.

பலவீனமும் அதே கணக்கில்தான் இருக்கிறது. 10 மைக்ரான் தடத்தைப் படிக்கும் தலைமீது ஒரு துளித் தூசி உட்கார்ந்தாலும் படம் கட்டம் கட்டமாக உடையும். நம் ஊரோ கடலோரம். காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. மூடிய பீரோவில் பதினைந்து மழைக்காலம் கடந்த நாடாவின் ஓரத்தில் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். கேசட்டின் சிறு ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். பளபளப்பான கறுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாகப் பொடி படர்ந்தாற்போல் தெரிந்தால் அதைக் கேமராவில் போடவே கூடாது. அந்தப் பூஞ்சை தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். எங்கள் பதினொன்றில் இரண்டு அப்படி இருந்தன. அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம்.

இன்னொரு தொல்லை குளிரூட்டிய அறை. கணினி ஆய்வகத்தில் ஏசியில் இருந்த கேமராவை வெளியே கொண்டுவந்து உடனே போட்டேன். திரையில் ஈரம் என்ற எச்சரிக்கை வந்து எல்லாம் நின்றுவிட்டது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதை ஆறாம் வகுப்பில் காட்டுகிறோமே, அதே ஆவி சுருங்குதல் குளிர்ந்த உருளையின் மேல் நடந்திருக்கிறது. நனைந்த உருளையில் நாடா ஒட்டிக்கொண்டால் அறுந்துவிடும் என்பதால் கேமரா தானே நின்றுகொள்கிறது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் சரியாகும். பாடப்புத்தகத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்று அப்போது தோன்றியது. எரிச்சலும் வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அமெரிக்கக் கேமராவும் சென்னை ட்யூப் லைட்டும்

முதல் கேசட்டைப் போட்டபோது படம் வந்தது. ஆனால் வகுப்பறை முழுவதும் மினுக் மினுக்கென்று துடித்தது. கேமரா கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கெடவில்லை. அது அமெரிக்கக் கேமரா, அவ்வளவுதான்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. சோக் போட்ட பழைய ட்யூப் லைட் ஒவ்வொரு சுழற்சியிலும் இரு முறை, அதாவது நொடிக்கு 100 முறை, கூடிக் குறையும். நம் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க மின்சாரம் 60 சுழற்சி. அந்த நாட்டுக் கேமராக்கள் என்டிஎஸ்சி என்ற முறையில் நொடிக்கு சுமார் 30 பிரேம், அரைப் பிரேம்களாகக் கணக்கிட்டால் 60, எடுக்கும். நமக்கு வழக்கமான பால் முறையில் (குடிக்கிற பால் இல்லை, ஒளிபரப்பு முறையின் பெயர்) 25 பிரேம், அரைப் பிரேம் 50. விளக்கின் 100 துடிப்பு கேமராவின் 50-க்குச் சரியாக இரு மடங்கு. எனவே ஒவ்வோர் அரைப் பிரேமுக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். 60-க்கு 100 ஒத்துவராது. ஒன்றுக்கு அதிக ஒளி, அடுத்ததற்குக் குறைவு. அதுதான் அந்த மினுக்கல்.

தீர்வு எளிது. கேமராவில் ஷட்டர் வேகத்தை நாமே அமைக்க முடியுமானால் நூறில் ஒரு பங்கு நொடி என்று வைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் விளக்கின் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வந்துவிடும். மின்னணு சோக் உள்ள விளக்குகளிலும் நல்ல எல்இடி விளக்குகளிலும் இந்தச் சிக்கல் அநேகமாக வராது. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த கேமராக்கள் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் வீட்டுக்கு வீடு இருந்த காலம் ஒன்று உண்டு. கல்யாண மண்டப வீடியோக்கள் ஏன் அப்படித் துடித்தன என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது.

வெளிச்சக் குறைவு இந்த வகைக் கேமராக்களின் பொதுவான குறை. வீட்டு உபயோகக் கேமராவில் படத்தை வாங்கும் சில்லு சிறு விரல் நகத்தைவிடச் சின்னது. சின்னச் சில்லில் விழும் ஒளியும் கொஞ்சம். ஜன்னல் ஓரம் உள்ள பிள்ளைகள் நன்றாகத் தெரிவார்கள். உள்சுவர் பக்கம் உள்ளவர்கள் மேல் மணல் தூவியதுபோல் புள்ளிகள் நெளியும். ஜன்னலை நோக்கி எடுத்தால் எல்லாரும் நிழலுருவம். ஆகவே ஜன்னலுக்கு முதுகு காட்டிக் கேமராவை வைக்கவேண்டும். இதற்குச் செலவு எதுவுமில்லை. மேசையை இழுத்துப் போடும் உழைப்பு மட்டும்தான்.

படத்தின் கூர்மையிலும் கைப்பேசியோடு போட்டி போட முடியாது. எங்கள் கேமராவின் ஒரு பிரேமில் 720 × 480, சுமார் மூன்றரை லட்சம் புள்ளிகள். இன்றைய சாதாரணக் கைப்பேசியின் முழு எச்டி வீடியோவில் 1920 × 1080, கிட்டத்தட்ட 21 லட்சம். கரும்பலகையின் பெரிய எழுத்து தெரியும். பிள்ளையின் நோட்டில் எழுதியது தெரியாது. பெட்டியின் மேல் "800 மடங்கு ஜூம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். அருகில் சிறிய எழுத்தில் "ஆப்டிகல் 20" என்று இருக்கும். லென்ஸ் நகர்ந்து உண்மையாகப் பெரிதாக்குவது அந்த 20 மட்டுமே. மீதியெல்லாம் இருக்கிற புள்ளிகளை இழுத்துப் பெரிதாக்கும் வேலை. ஆனால் அந்த 20 மடங்கு பெரிய விஷயம். மைதானத்தின் இந்த மூலையில் நின்றுகொண்டு அந்த மூலையில் நீளம் தாண்டும் பிள்ளையின் கால் எங்கே ஊன்றுகிறது என்பதைக் காட்ட முடிகிறது. பெரும்பாலான கைப்பேசிகளால் இன்றும் அது ஆகாது.

பழைய, மங்கலான இந்தக் கேமராக்களை ஏளனம் செய்பவர்களிடம் ஒரு செய்தி சொல்லலாம். டென்மார்க் இயக்குநர் தாமஸ் வின்டர்பெர்க் 1998-இல் எடுத்த 'ஃபெஸ்டன்' என்ற திரைப்படம் இப்படிப்பட்ட கையடக்க மினிடிவி கேமராவில்தான் படமாக்கப்பட்டது. கான் திரைப்பட விழாவில் பரிசும் பெற்றது.

ஒலிதான் உண்மையான சிக்கல். கேமராவிலேயே உள்ள மைக் தன் மோட்டாரின் கிர்ர் சத்தத்தையும் சேர்த்துப் பதியும். தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. வகுப்பு அமைதியானால் அது ஒலியை உயர்த்தும். அப்போது மின்விசிறி விமானம்போல் கேட்கும். கச்சேரி சாலையில் ஹாரன் அடித்தால் அடுத்த இரண்டு நொடிக்குப் பிள்ளையின் குரல் அமுங்கிவிடும். வெளி மைக் செருகும் துளை இருந்தால் சட்டைக் காலரில் மாட்டும் சிறு மைக்கை நீண்ட வயரோடு இணைத்துவிடலாம். விலை குறைந்த கேமராக்களில் அந்தத் துளையை விட்டுவிட்டிருப்பார்கள். எங்களுடையதில் இருந்தது. அதிர்ஷ்டம்தான்.

மூலையில் நிற்கும் கேமரா

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இதை ஏன் பயன்படுத்தவேண்டும்? ஒரே காரணம். முக்காலியில் நிறுத்தி வகுப்பின் மூலையில் வைத்துவிட்டால் முழுப் பாடவேளைக்கும் அதை மறந்துவிடலாம். அழைப்பு வராது. வாட்ஸ்அப் ஒலிக்காது. ஏப்ரல் வெயிலில் சூடேறி "வெப்பம் அதிகம்" என்று நிற்காது. "இடம் போதவில்லை" என்று நடுவில் சொல்லாது. ஒரு கேசட் 60 நிமிடம், நம் பாடவேளைக்குத் தாராளம். (90 நிமிடம் ஓடும் எல்பி முறையும் உண்டு. அதைத் தவிர்க்கவும். தடங்கள் இன்னும் நெருங்கிவிடுவதால், ஒரு கேமராவில் எடுத்ததை வேறு கேமரா படிக்காமல் போகலாம்.) பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள், இரண்டு விரலைக் காட்டுவார்கள். பிறகு அதுவும் ஒரு மேசை நாற்காலி ஆகிவிடும். கைப்பேசியை நீட்டினால் அது நடப்பதில்லை.

பி.எட். படித்த நாம் எல்லாரும் நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருக்கிறோம். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலன் குழுவினர் அதை உருவாக்கியபோது வீடியோ பதிவு அதன் முக்கியப் பகுதி. சில நிமிடம் பாடம் நடத்து, பதிவைப் பார், திருத்திக்கொள், மீண்டும் நடத்து. நம்மிடம் வந்து சேரும்போது வீடியோவின் இடத்தில் சக மாணவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுத் தாள் வந்துவிட்டது. நண்பர்கள் ஆயிற்றே, எல்லாரும் "மிக நன்று" என்றே குறித்தோம்.

1995-இல் டிம்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வின் ஒரு பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 231 எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களைப் பதிவு செய்தார்கள். ஒரு வகுப்புக்கு ஒரு கேமராதான். ஜேம்ஸ் ஸ்டிக்லர் குழுவினர் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்டது இது: ஆசிரியருக்கு ஆசிரியர் உள்ள வேறுபாட்டைவிட, நாட்டுக்கு நாடு பாடம் நடத்தும் முறையில் உள்ள வேறுபாடு பெரிது. தத்தம் நாட்டு ஆசிரியர்களுக்கு அது தெரியவில்லை. தாம் நடத்துவதுதான் இயல்பு என்று நினைத்திருந்தார்கள்.

இனி அந்த மார்ச் 2008 கேசட்டுக்கு வருகிறேன். 41 நிமிடம். ட்யூப் லைட் துடிக்கிறது, மின்விசிறி இரைகிறது. கணக்கு டீச்சர் பின்னம் நடத்துகிறார். "மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?" என்று கேட்கிறார். "நாலுல ஒண்ணு டீச்சர்!" என்று வகுப்பே கத்துகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நிற்கிறார். முதலில் எனக்கு நாடா நின்றுவிட்டதோ என்று சந்தேகம். கேமராவின் நேர எண் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு நொடி. பிறகு மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் மெதுவாக, "இல்ல டீச்சர், நாலு பேருக்குப் பிரிச்சா கம்மியாத்தான் வரும்" என்கிறான்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் இதைத்தான் ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடியாவது பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றார். படித்தது நினைவிருந்தது. என் வகுப்பில் அப்படித்தான் நடக்கிறது என்று நம்பியும் இருந்தேன்.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு அதே கேமராவை மூலையில் வைத்தேன். மாலையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கேள்விக்கும் என் அடுத்த பேச்சுக்கும் நடுவில் 24 பிரேம். நொடிக்கு 30 பிரேம் என்றால் 0.8 நொடி. பதினேழு கேள்விகளில் பதின்மூன்றுக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் இருந்த இரண்டு பெஞ்சுகளின் பக்கம் நான் திரும்பவே இல்லை. இந்தப் பதிவை யாருக்கும் காட்டவில்லை. காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. இப்போது மூன்று நொடி என்பதை மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நிற்கப் பழகுகிறேன். எளிதாக இல்லை.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் படப்பதிவுக் கூடம் அமைத்து 2019 ஆகஸ்டு முதல் கல்வித் தொலைக்காட்சி நடந்துவருகிறது. அங்கே எடுப்பது மாணவருக்கான பாடம். விளக்கு, மைக், கேமரா எல்லாம் முறையாக இருக்கவேண்டும். நான் சொல்வது வேறு வேலை. இது ஆசிரியர் தன்னைப் பார்ப்பதற்கான பதிவு. இதற்கு மங்கலான படமே போதும்.

அந்த மங்கலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நாடாவில் எடுத்தது தானாக எங்கும் போகாது. கைப்பேசியில் எடுத்தால் நாம் அறியாமலே இணையச் சேமிப்புக்கு ஏறிவிடுகிறது. ஒரு தட்டலில் குழுக்களுக்கும் போய்விடுகிறது. பிள்ளைகளின் முகம் உள்ள பதிவு இது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் இரண்டையும் முதலில் வாங்கினோம். இரண்டு பெற்றோர் வேண்டாம் என்றனர். அந்தப் பிள்ளைகளைக் கேமராவுக்குப் பின்பக்கம் அமர்த்தினோம்.

பதிவு எங்கே போய்ச் சேர்கிறது

கேமராவில் இருப்பதைக் கணினிக்குக் கொண்டுவருவதுதான் இன்று பெரும்பாடு. மினிடிவி கேமராவில் யுஎஸ்பி துளை இருக்கும். அதில் வயரைச் செருகி ஏமாந்து போகிறவர்கள் அதிகம். பெரும்பாலான கேமராக்களில் அதன் வழியே புகைப்படமோ, தரம் குறைந்த படமோதான் வரும். நாடாவில் உள்ளதை உள்ளபடி எடுக்க ஃபயர்வயர் என்ற வேறு துளை உண்டு. இப்போது விற்கும் கணினிகளில் அது கிடையாது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் ஃபயர்வயர் கார்டும், ஒரு முனையில் நான்கு முள்ளும் மறுமுனையில் ஆறு முள்ளும் உள்ள வயரும் தேடிப் பிடித்தோம். கணினி ஆசிரியர் அதைப் பழைய மேசைக் கணினியில் பொருத்தினார். லினக்ஸில் டிவிகிராப், விண்டோஸில் வின்டிவி என்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. 60 நிமிட நாடாவை எடுக்க 60 நிமிடம் ஆகும், குறுக்குவழி இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். கணினியில் பார்க்கும்போது அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப்பல் போன்ற கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விஎல்சி போன்ற மென்பொருளில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை இயக்கினால் போய்விடும்.

எடுப்பதற்கு முன் கேசட்டில் உள்ள சிறு தாழை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிறகு நாடாவை ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுருள் தளர்ந்து சீராகும். படம் உடைந்தால் துப்புரவு கேசட்டைப் பத்து நொடி மட்டும் ஓட்டவேண்டும். அதிகம் ஓட்டினால் தலை தேயும்.

நாடாவுக்கு அடுத்து வந்தவை இதைவிட மேல் என்று நினைத்திருந்தேன். விசாரித்தபோது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தியாகராய நகரில் ஒரு பள்ளியில் 8 சென்டிமீட்டர் டிவிடியில் பதியும் கேமரா வைத்திருந்தார்கள். ஒரு தட்டில் அரை மணி நேரம். எடுத்து முடித்ததும் 'ஃபைனலைஸ்' என்ற இறுதிக் கட்டளையைக் கொடுக்காவிட்டால் அந்தத் தட்டு வேறு கருவியில் ஓடாது. கொடுக்கவில்லை. கேமராவும் பழுதாகிவிட்டது. தட்டுகள் மட்டும் இருக்கின்றன.

அடையாறில் ஆசிரியராக இருக்கும் என் தோழியின் பள்ளியில் மெமரி கார்டு கேமரா. சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிவித்த ஏவிசிஎச்டி முறையில் பதிவது. படம் நேர்த்தி, கணினிக்கு மாற்றுவதும் சில நிமிட வேலை. ஆனால் நீண்ட பதிவைக் கேமரா பல கோப்புகளாகத் துண்டுபோடும். உள்ளே இருக்கும் எம்டிஎஸ் கோப்புகளில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவைத்தால் நிகழ்ச்சி பாதியில் நிற்கும். கார்டில் உள்ள மொத்தக் கோப்புறையையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். அங்கே இன்னொன்றும் நடந்தது. விளையாட்டு விழாவுக்குக் கார்டில் இடம் வேண்டும் என்று யாரோ 'ஃபார்மட்' கொடுத்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு விழா மொத்தமும் போயிற்று. நாடா விலை குறைவாக இருந்ததால் அதன்மேல் மறுபடி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அப்படியே பீரோவில் வைத்தார்கள். கார்டு விலை கூடுதல், ஆகவே அழித்து அழித்து எழுதினார்கள். எங்கள் 2008 பாடம் பிழைத்ததற்கு டிஜிட்டல் நுட்பம் காரணமில்லை. அந்தச் சிறு தாழும் பள்ளியின் மறதியும்தான் காரணம்.

கணினிக்கு மாற்றியதோடு வேலை முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளில் தரைத்தளத்தில் இருந்த எத்தனையோ பொருள்கள் போயின. ஆகவே எங்கள் கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் வைத்திருக்கிறோம். ஒன்று பள்ளியின் இரண்டாம் மாடியில், மற்றொன்று தலைமையாசிரியர் பொறுப்பில் வேறு இடத்தில். கேசட்டுகளையும் தூக்கிப் போடவில்லை. மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, நட்டுக்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறோம்.

"புதுசா ஒண்ணு வாங்கலாமா டீச்சர்?" என்றும் தலைமையாசிரியர் கேட்டார். வேண்டாம் என்பது என் கருத்து. பணம் இருந்தால் ஒரு நல்ல முக்காலியும் காலர் மைக்கும் வாங்கி, பழைய கைப்பேசி ஒன்றை சிம் இல்லாமல், இணையம் இல்லாமல் அதற்கென்றே ஒதுக்கிவிடலாம். மூலையில் மறந்துவிடக்கூடிய கேமரா என்ற தன்மை அதற்கும் வந்துவிடும். சூடாவதையும் இடம் தீர்வதையும் கவனித்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே பீரோவில் கேமரா இருந்தால், அதன் முதல் வேலை புதிதாக எடுப்பதில்லை, பழையதைப் படித்துக் கொடுப்பது. பேட்டரி செத்திருந்தால் கவலையில்லை, சார்ஜரை நேரடியாகச் செருகி ஓட்டலாம். 100 முதல் 240 வோல்ட் என்று அதன்மேல் எழுதியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள ரப்பர் பட்டைகளும் உருளைகளும் ஆண்டுக்காண்டு இறுகிக்கொண்டே போகின்றன. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். இந்தக் கோடை விடுமுறைக்குள் செய்துவிடுவது நல்லது.

எங்கள் ஒன்பது நல்ல கேசட்டுகளில் எட்டு முடிந்தன. கணக்கு டீச்சரின் பாடத்தில் கடைசி ஐந்து நிமிடம் கட்டங்களாகத்தான் வருகிறது, குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது. அவருடைய மகளுக்கு ஒரு நகல் கொடுத்தோம். ஒன்பதாவது கேசட்டின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. கணினி ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். அவர் வந்ததும் வரும் சனிக்கிழமை அதைப் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.